மூன்று பெடல்களும் இரண்டு கால்களும்

மோட்டார் வண்டி ஓட்டுகிறவருடைய காலடியில் மூன்று பெடல்கள் இருக்கின்றன. பகவான் மனிதனுக்கு அளித்திருப்பவையோ இரண்டே கால்கள். இந்தக் கணக்கு வித்தியாசத்தை எப்படியோ சரிக்கட்டிக்கொண்டு, விழி பிதுங்காமல் வீதியில் போய் வருவதற்குத்தான் மோட்டார் ஓட்டத் தெரியும் என்று பெயர். இடது கால் கிளட்சைப் பார்த்துக்கொள்கிறது. வலது கால், இரண்டு வீட்டுக்குச் சமைத்துப் போடும் பரிசாரகனைப்போல், ஆக்ஸிலரேட்டருக்கும் பிரேக்குக்குமாக மாறி மாறி ஓடுகிறது. ஒரு கை ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, மற்றொரு கை அவ்வப்போது கியர்த் தண்டை நாடுகிறது. யந்திரத்தைச் செய்தவர்கள், ஓட்டுகிறவருக்குக் கைகால் நான்கும் குறைவின்றி இருக்கும் என்று யாரையும் கேட்காமலே முடிவு செய்துவிட்டார்கள்.

நான்கில் ஒன்றோ இரண்டோ இல்லாதவர் என்ன செய்வது?

"கியர் தானாகவே மாறுகிற வண்டி ஒன்று வாங்கிக்கொள்வது" என்று நேயர்கள் உடனே விடை சொல்லக்கூடும். காரியாலயத்துக்கும் கடைவீதிக்கும் போய் வருகிறவருக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் கொட்டகையில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகத் தாழ்ந்த, சிறிய வண்டி. அதை வாங்கியவர் சௌகரியத்துக்காக வாங்கவில்லை. மலைப் பாதையின் வளைவு வருமுன் எந்தக் கியரில் இறங்க வேண்டும் என்பதைத் தாமே தீர்மானித்து, தம் கையாலேயே மாற்றுகிற ஆனந்தத்துக்காக வாங்கினார். ஒரு விபத்தினாலோ வியாதியினாலோ அவருடைய கால் விளங்காமல் போய்விடுகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததும் பந்துக்கள் சொல்லுகிற முதல் ஹிதோபதேசம், "அந்த வண்டியை விற்றுவிடு" என்பது. காலை இழந்தது போதாதென்று, காலுக்கு வேலை கொடுத்த பொருளையும் இழக்கச் சொல்லுகிறார்கள். இந்த உபதேசம் அவசியந்தானா என்று பார்ப்பதே நம் நோக்கம்.

மனிதனுக்கு ஏற்றபடி வண்டியை மாற்றியமைக்கும் வழக்கம் புதிதன்று. அமெரிக்காவின் பிரஸிடெண்டாக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1921-ம் வருஷம், தமது முப்பத்தொன்பதாம் வயதில், இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டு இரண்டு கால்களின் பலத்தையும் இழந்தார். அவர் தம் ஹைட் பார்க் பண்ணையில் வைத்திருந்த 1936-ம் வருஷத்து போர்டு வண்டிக்குக் கைவிசைகள் பொருத்தப்பட்டிருந்தன. காலால் செய்ய வேண்டியதைக் கையால் செய்துகொண்டு, அவரே ஓட்டுவார். 1939-ம் வருஷம் ஜூன் மாதத்தில் இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜும் ராணியும் விருந்தாளிகளாக வந்தபோது, அவர்களைத் தம் கைவிசை வண்டியிலேயே ஏற்றிப் பண்ணையைச் சுற்றிக் காட்டினார். சூரியன் அஸ்தமிக்காத சாம்ராஜ்யத்தின் அதிபதி, கால் விளங்காத ஒருவர் ஓட்டிய வண்டியில் மரங்களினூடே குலுங்கிக்கொண்டு போன காட்சியைக் கற்பனை செய்து பார்ப்பதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

அதே சமயத்தில் அமெரிக்காவில் வேறொரு காரியம் நடந்தது. 1940-ம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபைல் வண்டிகளில் 'ஹைட்ரமாட்டிக்' என்னும் கியர்பாக்ஸ் வந்தது; அதில் கியர் தானாக மாறியது, கிளட்ச் பெடலே இல்லை. சோம்பேறிகளுக்கான சௌகரியம் என்று அதைச் சிரித்தவர்கள் உண்டு. இரண்டாவது உலக யுத்தம் முடிந்து, காலிழந்த போர் வீரர்கள் ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பியபோது அந்தச் சிரிப்பு அடங்கிற்று. அவர்கள் ஒவ்வொருவரும் வண்டி வாங்குவதற்காக 1600 டாலர் வரை உதவி அளிக்க அமெரிக்கக் காங்கிரஸ் 1946-ல் சட்டம் செய்தது.

இவ்விடத்தில் கிளட்ச் என்பது எதற்காக இருக்கிறது என்று சற்று விளக்கியாக வேண்டும். பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே அது சுழலாது, பேசாமல் நின்றுவிடும். வண்டிச் சக்கரமோ வீதி முனையில் நிற்க வேண்டும், பிறகு மெள்ள நகர வேண்டும். ஓடிக்கொண்டேயிருக்கும் ஒன்றையும் நிற்கிற ஒன்றையும் சேர்த்து வைக்க இடையே ஒரு தரகர் வேண்டும். அந்தத் தரகர்தான் கிளட்ச். எஞ்சினோடு சுழலும் ஒரு தட்டின்மேல் மற்றொரு தட்டு அழுந்தியிருக்கிறது. பெடலை மிதித்தால் இரண்டும் பிரிகின்றன, விட்டால் சேர்கின்றன. சேரும்போது சட்டென்று சேர்ந்தால் வண்டி முரட்டு மாடு போல் துள்ளி நின்றுவிடும். கொஞ்சம் வழுக்கி, கொஞ்சம் பற்றி, இடம் பார்த்துச் சேர வேண்டும். இந்த நயம் இடது காலின் வித்தை. கியர் மாற்றும்போதெல்லாம் அந்தக் கால் வேலை செய்தாக வேண்டும்.

தானியங்கி கியர்பாக்ஸில் தட்டுகளுக்குப் பதிலாக எண்ணெய் இருக்கிறது. ஒரு மின்சார விசிறியைச் சுழலவிட்டு, அதற்கு எதிரே ஓடாத மற்றொரு விசிறியை வைத்தால், முதல் விசிறியின் காற்றுப் பட்டு இரண்டாவதும் மெள்ளச் சுழலத் தொடங்கும் அல்லவா? இரண்டாவதை விரலால் பிடித்து நிறுத்தினாலும் முதலாவது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். காற்றுக்குப் பதில் எண்ணெயை வைத்து, இரண்டு விசிறிகளையும் ஒரே கூட்டுக்குள் அடைத்தால் 'டார்க் கன்வெர்ட்டர்' என்னும் கருவியின் தத்துவம் கிடைத்துவிடும். வண்டி நின்றாலும் எஞ்சின் நிற்பதில்லை. இடது காலுக்கு வேலையும் இல்லை.

அப்படியானால், கொட்டகையில் நிற்கிற ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து பழைய கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டுத் தானியங்கியை மாட்டிவிடலாமே? மாட்டலாம். எவ்வளவு தூரம் வேலை என்பதற்கு ஓர் உதாரணம் பார்ப்போம். ஜப்பானிய மாஜ்டா கம்பெனியார் 1989-ல் வெளியிட்ட எம்.எக்ஸ்-5 என்னும் சிறு வண்டியை உலகமெங்கும் விரும்பி வாங்கினார்கள். 2016-ல் பத்து லட்சமாவது வண்டி தயாராகி வெளிவந்தது. அதைக் கம்பெனியாரே கையால் மாற்றும் கியரோடும், தானியங்கிக் கியரோடும் விற்றிருக்கிறார்கள். ஆகையால் வேண்டிய உறுப்புகள் உலகத்தில் இருக்கின்றன. ஆனால் கியர்பாக்ஸ் மாத்திரம் வந்தால் போதாது. கன்வெர்ட்டரும், எஞ்சினோடு அதைப் பிணைக்கும் தட்டும் வர வேண்டும். பின் சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் தண்டின் நீளம் பொருந்த வேண்டும். இந்த வண்டியில் கியர்பாக்ஸையும் பின்புறத்து டிஃபரன்ஷியலையும் முதுகெலும்பு போல் இணைக்கிற அலுமினியச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதுவும் புதிய பாக்ஸுக்கு இசைந்ததாயிருக்க வேண்டும். சூடாகிற எண்ணெயைக் குளிரச் செய்ய ரேடியேட்டரில் வழி வேண்டும். கியர் எப்பொழுது மாற வேண்டும் என்று தீர்மானிக்கும் மின்சார மூளையும், அதன் வயரிங்கும், வண்டி கியரில் இருக்கும்போது எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் ஸ்விட்சும் வேண்டும். கடைசியில் பெடல்களையே மாற்றியாக வேண்டும்.

இவ்வளவையும் தனித்தனியே தேடுவதைவிட, முன்புறம் மோதி நசுங்கிய தானியங்கி வண்டி ஒன்றை முழுசாக வாங்கி, ஒன்றின் உறுப்புகளை மற்றொன்றுக்கு மாற்றுவதே மெக்கானிக்குகள் விரும்பும் வழி. நம் அபிப்பிராயத்தைக் கேட்டால், இரண்டாவது வண்டி ஒன்று வாங்குவதென்று ஆனபிறகு, நசுங்காத தானியங்கி வண்டியாகவே பார்த்து வாங்கிவிடலாம் என்றுதான் சொல்வோம். பழைய வண்டியின்மேல் உள்ள பாசத்துக்கு விலை போட்டால் கணக்கு வேறு.

சில வண்டிகளுக்கு இந்த வழியும் இல்லை. ஹோண்டா கம்பெனியார் 1999 முதல் 2009 வரையில் செய்த எஸ்2000 என்னும் ஸ்போர்ட்ஸ் காரை ஆறு கியர் கொண்ட கைமாற்று வண்டியாக மாத்திரமே விற்றார்கள். அதற்கென்று பிறந்த தானியங்கி கியர்பாக்ஸ் கிடையவே கிடையாது. வேறு குலத்து கியர்பாக்ஸைக் கொண்டுவந்து கலியாணம் செய்து வைப்பதென்றால், நாள் பொருத்தம் முதல் நட்சத்திரப் பொருத்தம் வரை எல்லாவற்றையும் கடைசல் யந்திரத்தில் வைத்துத்தான் சரிப்படுத்த வேண்டும்.

ஆனால், கியர்பாக்ஸை மாற்றத்தான் வேண்டுமா? இடது கால் மாத்திரம் விளங்காதவருக்கு வலது கால் இருக்கிறது, இரண்டு கைகளும் இருக்கின்றன. ஆக்ஸிலரேட்டருக்கும் பிரேக்குக்கும் குறைவில்லை. கியர்த் தண்டைப் பிடிக்கக் கையும் தயார். குறைவது கிளட்சை மிதிக்கும் வேலை ஒன்றுதான். ஒரு வேலைக்கு ஆள் இல்லை என்றால் அந்த வேலைக்கு மட்டும் ஆள் வைப்பதா, குடும்பத்தையே மாற்றுவதா?

இந்த யோசனை ஜெர்மானியருக்கு வெகுகாலத்துக்கு முன்பே தோன்றிவிட்டது. 1950-களில் அங்கே 'ஸாக்ஸோமாட்' என்னும் கருவியைப் பல வண்டிகளில் பொருத்தினார்கள். கியர் கையால் மாறும். கிளட்ச் தானாக இயங்கும். கிழக்கு ஜெர்மனியின் ட்ராபண்ட் என்னும் எளிய வண்டிக்கும் 'ஹைக்கோமாட்' என்ற பெயரில் இத்தகைய கருவி இருந்தது. கால் குறையுள்ளவர்களுக்கு அது பெரிய உதவியாயிருந்தது. ஸ்போர்ட்ஸ் கார்களிலேயே கீர்த்தி பெற்ற போர்ஷே 911-க்கு 1967-ல் 'ஸ்போர்ட்டோமாட்டிக்' வந்தது. கியர்த் தண்டின் மேல் கை பட்டதும் உள்ளேயிருக்கும் சிறு ஸ்விட்ச் ஒன்று விழித்துக்கொள்ளும். எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தின் பலத்தால் கிளட்ச் பிரியும். கியரை மாற்றிக் கையை எடுத்தால் மறுபடி சேரும். 1980 வரையில் போர்ஷே கம்பெனியார் இதை விற்றார்கள். கையை ஓய்வாகக் கியர்த் தண்டின்மேல் வைத்துக்கொள்ளும் பழக்கமுள்ளவர்கள் மட்டும் ஜாக்கிரதையாயிருக்க வேண்டியிருந்தது. வண்டி பாதி வழியில் திடீரென்று பிடிப்பை விட்டுவிடும்!

இன்றைய தினத்தில் அதே வேலையை மின்சார மோட்டார் ஒன்று செய்கிறது. ஐரோப்பாவில் கால் குறையுள்ளவர்களுக்காக வண்டிகளைத் திருத்துகிறவர்கள், கியர்த் தண்டில் ஓர் உணர்கருவியும், கிளட்சை இழுக்க ஒரு மோட்டாரும், எஞ்சின் வேகத்தையும் பெடலின் அழுத்தத்தையும் பார்த்துக் கட்டளையிட ஒரு சிறு மின்சாரப் பெட்டியும் வைக்கிறார்கள். கியர்பாக்ஸில் கை வைப்பதில்லை. எந்த இடத்தில் தட்டுகள் பற்றத் தொடங்குகின்றன என்பதைப் பெட்டிக்குக் கற்றுக் கொடுப்பதில்தான் மெக்கானிக்கின் சாமர்த்தியம் இருக்கிறது. சரியாகக் கற்காத பெட்டி, புதிதாக ஓட்டக் கற்றுக்கொள்ளும் பையனைப் போலவே வண்டியைக் குலுக்கும். மேட்டில் அங்குலம் அங்குலமாக நகரும் நெரிசலில் தட்டுகள் வழுக்கி வழுக்கிச் சூடாகும். இந்தக் குறையை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆயினும் செலவு குறைவு. ஒருநாள் வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். பெடலை அப்படியே விட்டு வைத்திருந்தால், ஸ்விட்சைத் தட்டிவிட்டு வீட்டிலுள்ள மற்றவர் வழக்கம்போல் ஓட்டலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த ஆனந்தத்துக்காக அந்த வண்டியை வாங்கினாரோ அந்த ஆனந்தம் பறிபோவதில்லை. இடது கால் மட்டும் இல்லாத ஸ்போர்ட்ஸ் கார்ப் பிரியருக்கு இதுவே தக்க வழி என்பது நம் தீர்மானம்.

வலது கால் இல்லாதவரின் கணக்கு வேறு. ஆக்ஸிலரேட்டரைப் பிரேக்குக்கு இடது புறமாக மாற்றி வைத்து, இடது காலாலேயே இரண்டையும் மிதிக்கச் செய்யலாம். அந்தக் காலுக்குக் கிளட்சையும் சுமத்த முடியாது.

இரண்டு கால்களும் விளங்காதவர் விஷயத்திலேதான் பிரச்னை உண்மையாகச் சிக்கலாகிறது. ஸ்டியரிங்கின் அருகே ஒரு கைத்தண்டு வைக்கிறார்கள். ஒரு பக்கம் அசைத்தால் வேகம். முன்னால் தள்ளினால் பிரேக். இடது கை இந்தத் தண்டை விட்டு நகரக் கூடாது. வலது கை ஸ்டியரிங்கைப் பிடித்துச் சுழற்றுகிறது. கிளட்ச் தானாக இயங்கினாலும், கியர் மாற்ற மூன்றாவது கை எங்கேயிருந்து வரும்? வலது கை கியர்த் தண்டுக்குப் போனால் ஸ்டியரிங் அநாதையாகிவிடும், அதுவும் வளைவிலே! மூன்று பெடல்களுக்கு இரண்டு கால் என்றிருந்த கணக்கு, மூன்று வேலைகளுக்கு இரண்டு கை என்று உருமாறி வந்து நிற்கிறது. இவருக்குத் தானியங்கி கியர் சௌகரியமன்று; அவசியம்.

அல்லது வேகத்தை ஸ்டியரிங்கோடு சேர்த்துவிட வேண்டும். ஸ்டியரிங் வட்டத்துக்குப் பின்னாலோ முன்னாலோ மற்றொரு மெல்லிய வளையத்தை வைத்து, அதை விரலால் அழுத்தினால் வேகம் கூடும்படி செய்கிறார்கள். கைகள் ஸ்டியரிங்கை விட்டு விலகுவதேயில்லை. இதற்குத் துணையாக வந்தது பந்தயக்காரர்களின் ஒரு கண்டுபிடிப்பு. 1989-ல் பிரேஸில் பந்தயத்தில் நைஜல் மான்ஸெல் ஓட்டி ஜயித்த பெர்ராரி வண்டியில் கியர்த் தண்டு இல்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்த இரண்டு சிறு துடுப்புகளை விரலால் இழுத்தால் கியர் மாறிற்று. 1997-ல் அதே வகைத் துடுப்புகள் பெர்ராரி எப்355 என்னும் வீதி வண்டிக்கும் வந்தன. ஒரு விநாடியில் சிறு பகுதியை மிச்சப்படுத்துவதற்காகச் செய்த காரியம் அது. கால் இழந்தவருக்குத் தாமே கியரைத் தீர்மானிக்கும் சுதந்திரத்தை அது திருப்பிக் கொடுக்கும் என்பதைச் செய்தவர்கள் நினைத்துப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகமே.

பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. மற்ற விசைகளில் சிக்கனம் பார்க்கலாம், இதில் கூடாது. காலுக்குள்ள பலம் கைக்கு இல்லை. வீதி வண்டியில் எஞ்சினின் வெற்றிடம் பிரேக்குக்குத் துணை செய்வதால் கை போதுமானதாயிருக்கிறது. எஞ்சின் நின்றுவிட்டால் இரண்டொரு அழுத்தத்துக்குப் பிறகு அந்தத் துணையும் நின்றுவிடும். ஆகவே கைத்தண்டுக்கும் பிரேக் பெடலுக்கும் நடுவே உறுதியான இரும்புத் தொடர்பு இருக்க வேண்டும். எஞ்சின் ஓடாதபோது தள்ளிப் பார்த்துப் பரீக்ஷை செய்த பிறகே வீதிக்கு வர வேண்டும்.

கிளே ரெகஸோனி என்ற ஸ்விட்ஸர்லாந்துக்காரரின் வாழ்க்கையைப் புரட்டிப் போட்டதும் ஒரு பிரேக்தான். 1979-ல் இங்கிலாந்தின் ஸில்வர்ஸ்டோன் பந்தயத்தில் வில்லியம்ஸ் கோஷ்டிக்கு முதல் வெற்றி தேடித் தந்தவர் அவர். அடுத்த வருஷம் மார்ச் மாதம் கலிபோர்னியாவில் லாங் பீச் பந்தயத்தில் அவர் வண்டியின் பிரேக் பெடல் முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றுப் போயிற்று. சோர்வில் சில காலம் ஆழ்ந்திருந்த பிறகு, கைவிசை வண்டிகளில் மறுபடி பந்தயத்துக்கு வந்தார். பாரிஸ்-டாக்கார் பாலைவனப் பந்தயத்திலும் ஓட்டினார். கால் விளங்காதவர்களும் வண்டி ஓட்ட வேண்டும் என்பதற்காகக் கடைசிவரையில் பாடுபட்டார்.

இத்தாலியரான அலெக்ஸ் ஸனார்டியின் கதை அதிலும் கடுமை. 1997, 1998 ஆகிய இரண்டு வருஷங்களும் அமெரிக்காவின் கார்ட் பந்தயங்களில் சாம்பியனாக இருந்தவர். 2001-ம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி ஜெர்மனியில் லவுஸிட்ஸ் மைதானத்தில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தார். எரிபொருள் போட்டுக்கொண்டு வெளியே வரும்போது வண்டி வழுக்கிப் பாதையின் குறுக்கே நின்றது. முழு வேகத்தில் வந்த மற்றொரு வண்டி அதைப் பக்கவாட்டில் மோதிப் பிளந்தது. இரண்டு கால்களும் போயின. உடலிலிருந்த இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கும் போயிற்று. அவர் பிழைத்தார். பந்தயத்தில் அவருக்குப் பதின்மூன்று சுற்றுகள் பாக்கியிருந்தன. 2003-ம் வருஷம் மே மாதம் அதே மைதானத்துக்கு வந்து, கைவிசைகள் பொருத்திய பந்தய வண்டியில் அந்தப் பதின்மூன்று சுற்றுகளையும் ஓட்டி முடித்தார். சம்பிரதாயத்துக்காக மெள்ள ஓட்டவில்லை. அவருடைய வேகமான சுற்றைக் கணக்கில் சேர்த்திருந்தால், அந்த வாரத்துப் பந்தயத்தில் ஐந்தாவது இடத்திலிருந்து புறப்பட்டிருப்பார்.

பிறகு பி.எம்.டபிள்யூ கம்பெனியின் வண்டிகளில் முழுப் பந்தயக்காரராகவே திரும்பி வந்தார். வேகத்துக்கு ஸ்டியரிங் வளையம்; பிரேக்குக்குச் செயற்கைக் கால். உணர்ச்சியில்லாத அந்தக் காலை இடுப்பின் பலத்தால் அழுத்தி, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை இடுப்பாலேயே அறிந்துகொண்டார். 2005-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஓஷர்ஸ்லேபனில் உலக டூரிங் கார் பந்தயம் ஒன்றில் முதலாவதாக வந்தார்.

ஆனால் நீண்ட பந்தயங்களில் செயற்கைக் கால்கள் உபத்திரவமாயிருந்தன. உஷ்ணம் ஒரு பக்கம். வண்டியில் ஏறி இறங்கும் சிரமம் ஒரு பக்கம். 2018-ல் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு, கையால் தள்ளும் பிரேக் தண்டோடு மிஸானோ பந்தயத்தில் ஓட்டி, ஐந்தாவதாக வந்தார். அடுத்த வருஷம் ஜனவரியில் அமெரிக்காவின் டேட்டோனாவில் இருபத்துநாலு மணி நேரப் பந்தயம். ஒரே எம்8 வண்டியை நாலு பேர் முறை வைத்து ஓட்ட வேண்டும். மற்ற மூவருக்கும் கால்கள் உண்டு. எஞ்சினின் வேகத்தைக் கொண்டே தானாகப் பிரிந்து சேரும் கிளட்ச் ஒன்றை எஞ்சினியர்கள் அதில் பொருத்தினார்கள். ஸனார்டிக்கென்று வேக வளையத்துடன் தனி ஸ்டியரிங் செய்தார்கள். முறை மாறும்போது அவருடைய ஸ்டியரிங்கைக் கழற்றிவிட்டு வழக்கமான ஸ்டியரிங்கை மாட்டினால், அடுத்தவர் ஏறி உட்கார்ந்து, கீழேயிருந்த பெடல்களை மிதித்து ஓட்டிக்கொண்டு போனார்.